தமிழில் பெயர் எழுதினால் புரோகிராம் ஏன் மறுக்கிறது?



மலருக்கு ஏதாவது எழுதுப்பா, நட்பைப் பற்றிக் கவிதை என்றாலும் சரி என்றார்கள் யூனியன் அண்ணன்கள். கவிதைக்கு மெக்கானிக்கல் பிரிவில் ஆள் நிறைய இருக்கிறார்கள். நமக்கு அது வராது. அதனால் வெப் புரோகிராமிங் லேபில் நாம் தினமும் செய்கிற ஒரு காரியத்தைப் பற்றி என் கருத்தைச் சொல்கிறேன். கம்ப்யூட்டர் பிரிவு அல்லாத நண்பர்களும் பக்கத்தைத் திருப்பிவிடாமல் படியுங்கள். உங்கள் வீட்டு போனுக்கும் இதில் சம்பந்தம் இருக்கிறது.

இன்டர்நெட்டில் சேவை தரும் ஒரு கம்ப்யூட்டரை இன்னொரு கம்ப்யூட்டர் தேடிப் போவது எண்ணை வைத்துத்தான். அதற்கு ஐ.பி. முகவரி என்று பெயர். 192.0.2.45 என்பது போல நான்கு எண்கள், நடுவே புள்ளிகள். மனுஷனுக்கு எண் நினைவில் நிற்காது, பெயர்தான் நிற்கும். ஆகவே நாம் பெயரைக் கொடுக்கிறோம், யாரோ ஒருவர் அதை எண்ணாக மாற்றித் தருகிறார். இந்த மாற்றுகிற வேலைக்குத்தான் ‘நேம் ரெசல்யூஷன்’ என்று பாடத்தில் பெயர். ரயில்வேயிலும் இதே கதைதான். நம் திருத்தணி ஸ்டேஷனுக்கு ரயில்வே கம்ப்யூட்டரில் டி.ஆர்.டி. என்று குறியீடு. அது கொஞ்சம் ஊகிக்கிற மாதிரி இருக்கிறது. அரக்கோணத்துக்கு ஏ.ஜே.ஜே.! அரக்கோணம் என்ற பெயரில் ஜே எங்கே இருக்கிறது? டிக்கெட் வாங்குகிற நமக்கு அது தேவையில்லை. “அரக்கோணம் ஒண்ணு” என்றால் போதும். கவுன்டருக்கு உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர் தேடிக்கொள்ளும்.

பெயரும் முகவரியும் தனித்தனியாக இருப்பதில் என்ன லாபம்? நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1960 மார்ச் 31 வரை திருத்தணி ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி. நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தைப் பற்றி நாமெல்லாம் பள்ளியில் படித்திருக்கிறோம். எல்லை மாற்றச் சட்டம் 1959-இல் நிறைவேறி, 1960 ஏப்ரல் 1 முதல் ஊர் அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்து செங்கல்பட்டு மாவட்டத்தில் சேர்ந்தது. 1997-இல் திருவள்ளூர் தனி மாவட்டமானபோது மறுபடியும் ஒரு மாற்றம். மலை நகரவில்லை, படி 365-இல் ஒன்று கூடவோ குறையவோ இல்லை, பெயரும் மாறவில்லை. முகவரி மட்டும் இரண்டு முறை மாறிவிட்டது. “திருத்தணிக்குப் போறேன்” என்று சொன்னவர் எந்த வருஷமும் வழி தவறவில்லை. கடித உறையில் சித்தூர் ஜில்லா என்று அச்சடித்து வைத்திருந்தவர்தான் புதிதாக அச்சடிக்க வேண்டியிருந்திருக்கும்.

ஐ.பி. எண்ணை அப்படியே புரோகிராமுக்குள் எழுதி வைப்பவர்கள் அந்த உறை அச்சடித்தவர்கள்தான். சில வருஷம் முன்னால் ஒரு சீனியர் அண்ணன் பஸ் நேரம் காட்டுகிற திட்டப்பணி செய்தாராம். டேட்டாபேஸ் இருந்த சர்வரின் எண்ணை எட்டு பக்கங்களில் நேரடியாக எழுதியிருந்தார். வைவா நடப்பதற்கு இரண்டு நாள் முன்னால் ஹோஸ்டிங் கொடுத்தவர்கள் சர்வரை மாற்றிவிட்டார்கள், எண் போய்விட்டது. பெயரை எழுதியிருந்தால் ஒரே இடத்தில் மாறியிருக்கும். இது தவிர இன்னொரு காரணமும் உண்டு. இன்று ஒரே எண்ணில் நூற்றுக்கணக்கான வெப்சைட்டுகள் குடியிருக்கின்றன, ஒரே காம்பவுண்டில் பல குடித்தனம் மாதிரி. வருகிறவர் எந்தப் பெயரைக் கேட்டு வந்தார் என்று பார்த்துத்தான் சர்வர் கதவைத் திறக்கிறது. எண்ணை மட்டும் சொல்லிக்கொண்டு போனால் யார் வீட்டுக் கதவு திறக்கும் என்று சொல்ல முடியாது.

ஆரம்பத்தில் இந்தப் பெயர்ப் பட்டியல் மொத்தமும் ஒரே ஒரு ஃபைலில் இருந்தது என்றால் நம்புவீர்களா? அமெரிக்காவில் கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில், எலிசபெத் ஃபெய்ன்லர் என்ற அம்மையார் தலைமையில் ஒரு குழு அதைப் பராமரித்தது. ஃபைலின் பெயர் ஹோஸ்ட்ஸ் டெக்ஸ்ட். புதுக் கம்ப்யூட்டர் சேர்ந்தால் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் எல்லாரும் புதிய ஃபைலை இறக்கிக்கொள்ள வேண்டும். நெட்வொர்க் பெருகப் பெருக இது தாங்கவில்லை. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் வேறு வழியைக் கண்டுபிடித்தார். ஒரே நோட்டு வேண்டாம், பொறுப்பைப் பிரித்துக்கொடுங்கள் என்பதுதான் அதன் சாரம். அதுவே டொமைன் நேம் சிஸ்டம், சுருக்கமாக டி.என்.எஸ். அந்தப் பழைய ஃபைலின் வாரிசு இன்னும் நம் லேப் கம்ப்யூட்டர் ஒவ்வொன்றிலும் ‘ஹோஸ்ட்ஸ்’ என்ற பெயரில் உட்கார்ந்திருக்கிறது. லோக்கல்ஹோஸ்ட் என்றால் 127.0.0.1 என்பது அதில் எழுதும் வழக்கம்.

டி.என்.எஸ். பெயரை வலமிருந்து இடமாகப் படிக்கும். தபால்காரர் கவரின் கீழ் வரியிலிருந்து ஆரம்பிப்பது போல: முதலில் மாநிலம், பிறகு ஊர், பிறகு தெரு, கடைசியில் கதவு எண். டாட் இன் என்று முடியும் ஒரு பெயரை நம் புரோகிராம் கேட்டால், ரிசால்வர் என்ற இடைத்தரகர் முதலில் ரூட் சர்வரிடம் போகிறார். ரூட் சர்வர்களுக்கு ஏ முதல் எம் வரை 13 பெயர்கள்தான். ஆனால் உலகமெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நகல்கள் ஓடுகின்றன. ரூட்டுக்கு விடை தெரியாது; “டாட் இன் பற்றி அவரைக் கேள்” என்று கை காட்டும். டாட் இன் பெயர்களை 2005 முதல் நிர்வகிப்பது நிக்ஸி என்ற இந்திய அமைப்பு. அதன் சர்வர் இன்னொருவரைக் காட்டும். கடைசியில் அந்தப் பெயருக்குச் சொந்தக்காரரின் சர்வர் எண்ணைச் சொல்லும். சொல்லும்போதே, இந்த விடை இத்தனை விநாடிக்குச் செல்லும் என்று காலக்கெடுவும் சேர்த்துச் சொல்லும். 3600 என்றால் ஒரு மணி நேரம். அதுவரை ரிசால்வர் மறுபடி கேட்காமல் ஞாபகத்தில் இருப்பதையே கொடுப்பார். சர்வரை மாற்றிய பிறகும் சிலருக்குப் பழைய பக்கமே வருவது இதனால்தான்.

இத்தனையும் நமக்குப் புரோகிராமில் ஒரே வரி. சி மொழியில் கெட்ஹோஸ்ட்பைநேம் என்று ஒரு ஃபங்ஷன், பி.எச்.பி.யிலும் பைத்தானிலும் அதே பெயரில் இருக்கிறது. ஜாவாவில் இனெட்அட்ரஸ். எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் பி.எச்.பி. எழுதுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே பெயர் கிடைக்காவிட்டால் அந்த ஃபங்ஷன் எர்ரர் காட்டாது, காலியாகவும் திருப்பாது. நீங்கள் கொடுத்த பெயரையே திருப்பிக் கொடுத்துவிடும்! கிணற்றில் கூப்பிட்டால் நம் குரலே திரும்பி வருமே, அப்படி. விடை வந்ததா என்று மட்டும் பார்த்தால் வந்தது போலவே இருக்கும். கொடுத்ததும் வந்ததும் ஒன்றா என்று ஒப்பிட்டால்தான் தெரியும். இன்னொன்று, இந்தப் பழைய ஃபங்ஷன் பி.எச்.பி.யிலும் பைத்தானிலும் நான்கு எண் முகவரியை, அதாவது ஐ.பி. பதிப்பு 4-ஐ மட்டும்தான் அறியும். புதிய பதிப்பு 6-ஐப் பயன்படுத்துவதில் இந்தியா இன்று உலகின் முன்வரிசை நாடுகளில் ஒன்று. நம் கையில் இருக்கும் போன்களில் பாதிக்கு மேல் அதில்தான் பேசுகின்றன. சி மொழியில் இதற்கு கெட்அட்ரஇன்ஃபோ என்ற புது ஃபங்ஷன் இரண்டு வகை முகவரியையும் பட்டியலாகத் தரும். பழையதை போசிக்ஸ் தரத்திலிருந்தே 2008-இல் நீக்கிவிட்டார்கள். நாம் இன்னும் அதையே மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறோம்.

சரி, இதெல்லாம் புத்தகத்தில் தேடினால் கிடைக்கிற விஷயம். நான் சண்டை போட வந்தது வேறு.

டி.என்.எஸ். உருவானபோது பெயரில் ஆங்கில எழுத்து, எண், சிறு கோடு இவை மட்டும்தான் வழக்கம். உருவாக்கியவர்கள் இருந்த இடம் அப்படி, அவர்கள் மேல் கோபப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதோடு விட்டுவிடவும் நம் பக்கத்து ஆட்கள் தயாராக இல்லை. சிங்கப்பூரில் 1997 மே மாதம் தமிழ்நெட் 97 என்று ஒரு மாநாடு நடந்தது. கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்துகளை எப்படிச் சீராகக் கொண்டுவருவது என்று பேசினார்கள். அங்கே நா. கோவிந்தசாமி என்ற தமிழ் எழுத்தாளரும், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீயும் தமிழை இன்டர்நெட்டில் ஏற்றுவதற்கு உழைத்தவர்கள். 1998-இல் டான் டின் வீயின் குழு ஆங்கிலம் அல்லாத எழுத்துகளிலும் டொமைன் பெயர் இயங்கும் என்று செய்து காட்டும் முயற்சியில் இறங்கியது. கவனியுங்கள்: நம் ஊரில் பெரும்பாலானவர்கள் இன்டர்நெட் என்ற சொல்லையே கேட்டிராத காலம் அது.

அதன் பிறகு உலகத் தரம் ஒன்று 2003-இல் வந்தது. டி.என்.எஸ்.ஸை உடைக்காமல், பெயரை மட்டும் வேஷம் போட்டு அனுப்புகிற தந்திரம். அதற்கு ப்யூனிகோட் என்று பெயர். தமிழ் எழுத்துகளை ஒரு கணக்கின் மூலம் ஆங்கில எழுத்தும் எண்ணுமாக மாற்றி, முன்னால் எக்ஸ், என், இரண்டு சிறு கோடு என்று அடையாளம் வைத்துவிடுவார்கள். டாட் இந்தியா என்று தமிழில் எழுதுகிறோமே, அது கம்பிக்குள் போகும்போது அந்த அடையாளத்துக்குப் பிறகு எக்ஸ், கே, சி, 2, டி, எல், 3, ஏ, 5, இ, இ, 0, எச் என்று போகிறது. லாட்டரிச் சீட்டு எண் மாதிரி இருக்கிறதா? அந்தப் பக்கம் மறுபடி பிரித்தால் ‘இந்தியா’ ஓர் எழுத்து பிசகாமல் வருகிறது. டி.என்.எஸ். சர்வருக்கு இதில் எந்தக் கஷ்டமும் இல்லை. அதற்கு இதுவும் இன்னொரு பெயர், அவ்வளவுதான்.

2010-இல் இலங்கைக்கு .இலங்கை என்ற தமிழ் மேல்நிலைப் பெயர் கிடைத்தது. 2011-இல் சிங்கப்பூருக்கு .சிங்கப்பூர். அதே 2011-இல் இந்தியாவுக்கு ஏழு மொழிகளில் அனுமதி வந்தது, அதில் தமிழில்.இந்தியா உண்டு, தெலுங்கு எழுத்தில் .பாரத் உண்டு. மூன்று நாடுகளின் பெயர் இன்டர்நெட்டின் உச்சியில் தமிழில் இருக்கிறது! நம் வகுப்பில் இதைச் சொன்னபோது, “சும்மா கதை விடாதடா” என்றான் ஒரு நண்பன். கம்ப்யூட்டர் படிக்கிற நமக்கே தெரியவில்லை.

தெரியாதது ஒருபுறம் இருக்கட்டும். நாம் எழுதுகிற புரோகிராம் அந்தப் பெயரை என்ன செய்கிறது? லேபில் போய்ப் பாருங்கள். பதிவுப் படிவம் என்று ஒன்று எல்லாரும் செய்திருப்போம். பெயர், இ-மெயில், வெப்சைட், போன் நம்பர். வெப்சைட் கட்டத்தில் தமிழ்ப் பெயரைப் போட்டால் சிவப்பு எழுத்தில் வரும்: சரியான முகவரி கொடுங்கள். ஏன்? சரிபார்க்கும் வரியில் ஏ முதல் இசட் வரை, 0 முதல் 9 வரை என்று எழுதியிருக்கிறது. எல்லாரும் நெட்டிலிருந்து எடுத்து ஒட்டுகிற வரிதான், வருஷா வருஷம் ரெக்கார்டு நோட்டில் கைமாறி வருகிறது. நாமாக அந்த வரியை எழுதாமல் பி.எச்.பி.யில் தயாராக இருக்கிற ஃபில்டர் வேர் என்ற ஃபங்ஷனைக் கூப்பிட்டாலும் இதே கதிதான். ஆங்கில எழுத்து முகவரிகளை மட்டுமே ஏற்கும் என்று அதன் குறிப்பிலேயே போட்டிருக்கிறார்கள். உலகம் ஒத்துக்கொண்ட பெயரை, ரூட் சர்வர் ஒத்துக்கொண்ட பெயரை, திருத்தணியில் உட்கார்ந்திருக்கிற தமிழ்ப் பையன் எழுதிய புரோகிராம் “செல்லாது” என்கிறது. இதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

“யாருடா இந்தக் காலத்துல முகவரி டைப் பண்றாங்க? கூகுள்ல தேடுறாங்க, கியூ.ஆர். கோடு காட்டுறாங்க, லிங்க்கைத் தொடுறாங்க” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. என் வகுப்பில் இதைக் கேட்காதவர்களே இல்லை. டைப் செய்வதற்கு மட்டும் முகவரி வேண்டும் என்றால் நானும் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். டைப் செய்வது குறைந்துபோனது உண்மை. படித்துப் பார்ப்பது குறையலாமா?

எங்கள் வீட்டைச் சொல்கிறேன். எங்க நைனா விசைத்தறி ஓட்டுபவர். ஐந்தாவது வரை தமிழ்ப் பள்ளியில் படித்தார். பேப்பரைக் கொஞ்சம் மெதுவாக, ஆனால் ஒரு வரி விடாமல் படிப்பார். அம்மா நகரிப் பக்கம் பிறந்தவர், தெலுங்கு படிப்பார், தமிழ் பேசுவார். ஆங்கில எழுத்து இரண்டு பேருக்கும் தெரியாது. எங்கள் குடும்பத்தில் டிப்ளமோ வரை வந்தது நான்தான். இந்த வருஷம் நைனா போனுக்கு ஒரு மெசேஜ் வந்தது: கரண்ட் பில் கட்டவில்லை, இன்று இரவு இணைப்பு துண்டிக்கப்படும், உடனே கீழே உள்ள முகவரியில் கட்டவும். தறி வைத்திருக்கிறவருக்கு கரண்ட் என்றால் சோறு. பதறிப்போய் என்னிடம் நீட்டி, “இதி நிஜமாரா?” என்றார். சேதி முழுக்கத் தமிழ். முகவரி மட்டும் ஆங்கிலம். பயப்பட வேண்டிய பகுதி அவருக்குத் தெரிந்த எழுத்தில் இருந்தது, சந்தேகப்பட வேண்டிய பகுதி தெரியாத எழுத்தில் இருந்தது. நான் வலமிருந்து படித்தேன். அரசாங்கப் பெயர்கள் பெரும்பாலும் ஜி.ஓ.வி. டாட் இன் என்று முடியும். இது வேறு எதிலோ முடிந்தது. மின்சாரம் என்ற சொல்லை மட்டும் முன்னால் ஒட்டியிருந்தார்கள். பொய் என்று சொன்னேன், விஷயம் முடிந்தது. ஆனால் அன்று நான் லேபில் இருந்திருந்தால்?

இன்றைக்கு ஒரு லிங்க் மோசடியா இல்லையா என்று சாதாரண ஆளுக்குக் காட்டுகிற முதல் தடயம் அந்தப் பெயர்தான். கியூ.ஆர். கோடு காட்டினாலும் பெரும்பாலான போன்கள் திறக்கும் முன்னால் பெயரைத்தான் காட்டுகின்றன. அந்தப் பெயரைப் படிக்கத் தெரியாதவரிடம் “கவனமாக இருங்கள், தெரியாத லிங்க்கைத் தொடாதீர்கள்” என்று விழிப்புணர்வு பேசி என்ன பயன்? அவருக்கு எல்லா லிங்க்கும் தெரியாத லிங்க்தானே!

ஆங்கில எழுத்து 26 தானே, கற்றுக்கொள்ளட்டுமே என்றும் ஒருவர் சொன்னார். கற்றுக்கொடுக்கத்தான் பார்க்கிறேன். நைனா இப்போது 12 எழுத்து சொல்வார். ஆனால் நாள் முழுக்கத் தறிச் சத்தத்தில் நின்றுவிட்டு வருகிற 50 வயது மனுஷனிடம் கற்றுக்கொள் என்று சொல்வது, முதல் தலைமுறையாகப் படிக்க வந்த நம் வாயிலிருந்து வர வேண்டிய பேச்சு இல்லை. வேலை சுலபமாக யாருக்கு முடியுமோ அவர்தான் அதைச் செய்ய வேண்டும். நமக்கு ஐந்து வரி கோடு. அவருக்கு ஒரு வருஷம்.

தமிழில் பெயர் வந்துவிட்டால் மோசடி ஒழிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. தமிழிலும் ஆள்மாறாட்ட எழுத்துகள் உண்டு. ‘கௌ’ என்பதை ஒழுங்காகவும் எழுதலாம், கெ போட்டுப் பக்கத்தில் ள போட்டும் எழுதலாம். கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றாகத் தெரியும், கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு வேறு பெயர். ஔவையார் என்ற பெயரில் ஔ-வுக்குப் பதில் ஒ போட்டு ள போடுகிறவர்கள் நம் வகுப்பிலேயே இருக்கிறார்கள். ஸ்ரீ என்ற எழுத்துக்கும் யுனிகோடில் இரண்டு வழி இருக்கிறது. திருடனுக்கு இது போதும். ஆங்கிலத்திலும் இதே கதைதான். 2017-இல் ஆப்பிள் கம்பெனியின் பெயரை சிரிலிக் எழுத்துகளில் அச்சு அசலாக எழுதி, பிரவுசரே ஏமாறுகிறது என்று ஒருவர் செய்து காட்டினார். ஆகவே பெயர் வழங்குகிறவர்கள் இரட்டைப் பிறவி எழுத்துகளுக்கு விதி போட வேண்டும். பெயரைச் சேமிக்கிற நாம் யுனிகோடைச் சீராக்கிச் சேமிக்க வேண்டும். இது கஷ்டமான வேலைதான். ஆனால் படிக்கத் தெரிந்த எழுத்தில் ஏமாறுவதற்கும் படிக்கவே வழியில்லாமல் ஏமாறுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. முதலாவதில் பக்கத்து வீட்டுக்காரர், “எழுத்து தப்பா இருக்கே” என்று சொல்லவாவது முடியும்.

இன்னொரு உண்மையையும் மறைக்கக் கூடாது. நம் பஜாரிலோ பஸ் ஸ்டாண்டிலோ .இந்தியா என்று முடிகிற முகவரி எழுதிய ஒரு போர்டைக்கூட நான் இதுவரை பார்த்ததில்லை. கடைக்காரர் ஏன் வாங்குவார்? வாங்கினால் பாதிப் படிவங்கள் அதை ஏற்பதில்லை. படிவம் எழுதுகிறவரைக் கேட்டால், “யாரும் வாங்கவில்லையே, எதற்கு ஏற்க வேண்டும்?” என்கிறார். ஆளாளுக்கு அடுத்தவர் முதலில் வரட்டும் என்று நிற்கிறார்கள். கடைக்காரரை நாம் கட்டாயப்படுத்த முடியாது. படிவம் நம் கையில் இருக்கிறது.

என்ன செய்ய வேண்டும்? பெரிய கம்பசூத்திரம் இல்லை. பெயரைச் சரிபார்க்கும் முன்னால் ப்யூனிகோடாக மாற்றிக்கொள்ள வேண்டும். பிறகு சரிபார்க்கவும், எண்ணைக் கேட்கவும், அந்த மாற்றிய வடிவத்தைக் கொடுக்க வேண்டும். பயனாளிக்குக் காட்டும்போது மட்டும் தமிழில் காட்ட வேண்டும். பி.எச்.பி.யில் இதற்கு ஐ.டி.என். டு ஆஸ்கி என்று ஃபங்ஷன் இருக்கிறது. அது இன்டில் என்ற எக்ஸ்டென்ஷனில் வரும். நாம் வழக்கமாகப் போடுகிற எக்ஸாம்பில் அந்த வரிக்கு முன்னால் அரைப்புள்ளி போட்டு அணைத்து வைத்திருப்பார்கள். அந்த ஒரு அரைப்புள்ளியை எடுத்துவிட்டு அப்பாச்சியை நிறுத்தித் தொடங்கினால் போதும். ஜாவாவில் ஐ.டி.என். என்றே ஒரு கிளாஸ் இருக்கிறது. பைத்தானில் என்கோட் செய்யும்போது ஐ.டி.என்.ஏ. என்று சொன்னால் ஆயிற்று. ஆனால் கூடவே வருவது 2003-ஆம் வருஷத்துப் பழைய விதி, புதிய விதிக்குத் தனி மாட்யூல் போட வேண்டும். பிரவுசருக்குள் ஓடும் ஜாவாஸ்கிரிப்டில் யூ.ஆர்.எல். ஆப்ஜெக்ட்டிடம் கொடுத்தால் அதுவே மாற்றிவிடும். பெயரின் ஒவ்வொரு துண்டும் மாற்றிய பிறகு 63 எழுத்துக்குள் இருக்க வேண்டும் என்பதையும் பாருங்கள். ஆசைப்பட்டு நீளமாகத் தமிழ்ப் பெயர் வைத்தால் அங்கே இடிக்கும். டேட்டாபேஸ் பக்கம் மை-எஸ்க்யூஎல் என்றால் யூ.டி.எஃப்.8-எம்.பி.4 என்று டேபிளை அமைத்துவிடுங்கள். இல்லையென்றால் தமிழ்ப் பெயர் வரிசையாகக் கேள்விக்குறிகளாக மாறி உட்கார்ந்திருக்கும் அபாயம் உண்டு. அதைப் பார்த்து “தமிழ் செட் ஆகாது சார்” என்று சொல்கிற பழக்கமும் நம்மிடம் இருக்கிறது.

சிலபஸில் இல்லையே, மார்க் வருமா என்பீர்கள். வராது என்றுதான் நினைக்கிறேன். எக்ஸ்டெர்னல் எக்ஸாமினர் படிவம் திறக்கிறதா, டேட்டாபேஸில் ஏறுகிறதா என்று பார்ப்பார்; தமிழ் முகவரி போட்டுப் பார்க்க மாட்டார். ஆனால் நம்மில் பலர் அடுத்த வருஷம் ஏதாவது ஒரு கம்பெனியில் இதே படிவங்களைச் சம்பளத்துக்கு எழுதப் போகிறோம். கூட்டுறவு சங்கத்துக்கு, பள்ளிக்கூடத்துக்கு, பால் பண்ணைக்கு. லேபில் ஒட்டிய அதே வரியைத்தான் அங்கேயும் ஒட்டுவோம். அது பத்து வருஷம் அங்கேயே கிடக்கும்.

யூனியனுக்கு ஒரு வேண்டுகோள். திட்டப்பணிக் கண்காட்சியில் சிறந்த வடிவமைப்புக்குப் பரிசு கொடுக்கிறீர்கள். அதே மேஜையில் ஒரு தமிழ்ப் பெயரையும் ஒரு தெலுங்குப் பெயரையும் எல்லாப் படிவத்திலும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஏற்காத படிவத்துக்குப் பரிசைக் கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை; ஏற்கவில்லை என்று ஒரு சீட்டு எழுதி மானிட்டரில் ஒட்டினால் போதும்.

சோதனைக்கு வேண்டிய பெயர்களை ஒரு நோட்பேட் ஃபைலில் வைத்திருக்கிறேன். தமிழில் மூன்று, தெலுங்கில் இரண்டு, கௌ-வும் கெள-வும் குழப்புகிற ஒரு ஜோடி, 63-ஐத் தாண்டுகிற ஒன்று, உலகத்திலேயே இல்லாத ஒரு பெயர். கடைசியது பி.எச்.பி. நண்பர்களுக்காக, பெயரே திரும்பி வந்தால் உங்கள் புரோகிராம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். வேண்டுமென்றவர்கள் பென் டிரைவோடு சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் இரண்டாவது லேப் வாசலுக்கு வாங்க. ஐந்தே காலுக்கு எனக்கு பொதட்டூர்பேட்டை பஸ், அதுக்குள்ள வந்தா நல்லது.